பத்துக்கு ரெண்டு லிட்டர்

சீட்டு காப்பிக் கெட்டிலின் அடியில் கிடந்தது. பியேரா அதை எடுப்பதற்கு முன் அடுப்பின் மேலிருந்த சட்டியைத்தான் திறந்தான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிக் கடற்கரை ஊர்வரை போய், உதிரிப் பாகங்கள் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்பியவனுக்கு முதலில் வயிறுதான் பேசும். பனிமான் கறியும் உருளைக்கிழங்கும் ஆறிப்போய், மேலே வெள்ளைக் கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. விரலால் அதை ஒதுக்கி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே, காப்பிக் கறை படிந்த சீட்டை இடது கையால் பிரித்தான். மனைவியின் கையெழுத்து, அவசரத்தில் சாய்ந்திருந்தது.

'கிளெமெத்தோட வேலையாளுக்குக் காய்ச்சல். துணைக்கு நான் போறேன். மந்தை தூரக் குடிசைப் பக்கம் நகந்துடுச்சாம். தீவனம் எட்டு மூட்டை. சாயங்காலம் வந்துருவோம். கறியச் சுட வச்சித் தின்னு, ஆறினதத் தின்னாத. ரிஸ்தென்.'

இரண்டாவது துண்டு சட்டிக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. கதவோரத்து ஆணியைப் பார்த்தான். தோல் அங்கி இல்லை. அதன் கீழே எப்போதும் கிடக்கும் உரோமக் காலணிகளும் இல்லை. அவை இருந்த இடத்தில் பனி உருகிக் காய்ந்த வட்டம் இரண்டு மட்டும் தரையில் தெரிந்தன. துண்டைச் சட்டியிலேயே திரும்பப் போட்டான்.

பழைய பனிஸ்கூட்டர்களை வாங்கி விற்கிறவனுக்குக் கணக்குப் போட பென்சில் வேண்டியதில்லை. தூரக் குடிசை அறுபது கிலோமீட்டர். போக வர நூற்றிருபது. கிளெமெத்தின் மஞ்சள் வண்டிக்கு டாங்க் நாற்பது லிட்டர். அந்த வண்டி பத்துக் கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் என்று மூன்று வாரத்துக்கு முன் மச்சினனுக்கு விற்றபோது பியேரா சொல்லியிருந்தான். அந்தக் கணக்கில் இருபத்து நான்கு லிட்டர் செலவு, பதினாறு மிச்சம். சௌகரியமான பயணம். ஆனால் அந்தக் கணக்கு கிளெமெத்துக்கானது. பியேராவிடம் வேறொரு கணக்கு இருந்தது. அது அவன் கேட்காமலே தலைக்குள் ஓட ஆரம்பித்தது. ஏப்ரல் மாத ஏரி ஐஸ்மேல், காற்றுக்கு முதுகு காட்டி, தனியாளாக, அவசரமில்லாமல் ஓட்டினால் இரண்டு. அதையும் ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறான். சாதாரணத் தடத்தில் மூன்று. பின்னால் இழுவைச் சறுக்கு கட்டினால் நான்கு. சறுக்கில் எட்டு மூட்டையும் ஒரு பெண்ணும், நேற்று ராத்திரி கணுக்கால் உயரத்துக்கு விழுந்த புதுப்பனியும் சேர்ந்தால் ஐந்து.

போவதற்கே முப்பது லிட்டர். மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்ப மிச்சமிருப்பது பத்து. பத்து லிட்டரில் இருபத்தைந்து கிலோமீட்டர். அப்படியானால் வீட்டுக்கு இன்னும் முப்பத்தைந்து இருக்கும்போது வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். அந்த இடத்தை அவனால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்க முடிந்தது. மேட்டுவெளியின் நட்டநடு. ஒதுங்க ஒரு பாறை கிடையாது. முழங்கால் உயரத்துக்குக்கூட ஒரு பிர்ச் மரம் கிடையாது.

கைபேசியில் ரிஸ்தெனை அழைத்தான். பிறகு கிளெமெத்தை. இரண்டாவது குன்றைத் தாண்டினால் எவனுக்கும் சிக்னல் கிடையாது என்று தெரிந்தும் மறுபடி ரிஸ்தெனை அழைத்தான்.

அந்த வண்டியை எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒருவனிடம் பியேரா வாங்கியிருந்தான். இருபத்தாறு வருஷத்து டூ ஸ்ட்ரோக். விற்றவன் நேர்மையான ஆள், அல்லது பேரம் பேசத் தெரியாத ஆள். பியேராவுக்கு இரண்டும் ஒன்றுதான். "குடிக்கும். ஆனா குடிச்சிட்டு ஓடும்" என்று சொல்லித்தான் கொடுத்தான். ஓடாமல் போய்விடக் கூடாதே என்று பியேரா கார்ப்பரேட்டரைப் பிரித்து, கடுங்குளிருக்கு ஏற்றாற்போல், பெட்ரோல் இறங்கும் துளையான ஜெட்டை ஒரு சுற்று பெரியதாகப் போட்டான். பெட்ரோல் தாராளமாக இறங்கினால் பிஸ்டனில் ஓட்டை விழாது. பிஸ்டனில் ஓட்டை விழாவிட்டால் விற்ற வண்டி வாசலுக்குத் திரும்பி வராது. குடிக்கிற செலவு வாங்குகிறவனுடையது. அதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

கிளெமெத் வந்து வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினான். இருக்கையைத் தட்டினான். அடியில் குனிந்து ரப்பர்ப் பட்டையின் பற்களைத் தடவிப் பார்த்தான்.

"என்ன மைலேஜ் குடுக்கும், அத்தான்?"

"பத்துக்கு ரெண்டு."

"டூ ஸ்ட்ரோக்கா? எங்கப்பா வண்டி நாலு குடிச்சிதே."

"உங்கப்பா வண்டி உங்கப்பா மாதிரிதான் மாப்ள இருக்கும்."

வாசலில் காப்பிக் கோப்பைகளோடு நின்ற ரிஸ்தென், "எங்கப்பாவ எதுக்கு இழுக்கற, உன் வண்டியப் பத்திப் பேசு" என்றாள். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அந்த எண் உண்மையாகிவிட்டது. கிளெமெத் ஓட்டிப் பார்த்து, அளந்து பார்த்து வாங்கியிருக்கலாம். ஆனால் ஒருவனுக்கு எத்தனை பனிமான் என்று கேட்பதே அவமரியாதை என்று வளர்ந்த ஊர் அது. சொன்ன எண்ணைத் திருப்பிக் கேட்டால் நீ பொய்யன் என்று சொன்னதாகிவிடும். அதுவும் அக்கா புருஷனிடம். கிளெமெத் நல்ல வளர்ப்பு. கையைக் குலுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். டாங்க் மூடியிலிருந்த அளவுமுள் பாதிக்கு வந்ததும் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடும் என்பதை பியேரா சொல்லவில்லை. அன்றைக்கு முள் முக்காலில் நின்றது. பொய்யாக எதையும் காட்டவில்லை. அதனால் சொல்ல எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டான்.

அன்று படுக்கும்போது ரிஸ்தென் கேட்டாள். "அவன் என் தம்பி. அவன்கிட்ட வியாபாரம் பண்ணலையே நீ?"

"ச்சே. அவன்கிட்ட போயா?"

அவள் நம்பினாள். விளக்கை அணைத்துவிட்டுச் சட்டென்று தூங்கிப்போனாள். நம்பாதவள் அப்படித் தூங்க மாட்டாள்.

இன்று காலை ஏழு மணிக்கு உதிரிப் பாகக் கடை முற்றத்தில் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது கிளெமெத்தின் அழைப்பு வந்திருந்தது. பின்னால் என்ஜின் படபடத்தது. "அத்தான், மேய்ச்சலுக்குக் கிளம்பறேன். பத்து லிட்டர் கேன் ஒண்ண கட்டிக்கவா? கட்டினா ஒரு மூட்டைய எறக்கணும்." பக்கத்தில் கடைக்காரன் நின்றிருந்தான். நின்றிருக்காவிட்டாலும் பியேரா அதையேதான் சொல்லியிருப்பான். கேனைக் கட்டு என்றால் பத்துக்கு ரெண்டு என்ற எண் அங்கேயே செத்துவிடும். "எதுக்கு மாப்ள? டாங்க்ல நாப்பது இருக்கு. மூட்டைய ஏத்து" என்றான். மேய்ச்சல் எங்கே என்று கேட்கவில்லை. மந்தை போன வாரம் பக்கத்து ஏரியில்தான் நின்றது. முப்பது போய் முப்பது வந்தால், நான்கு குடித்தாலும் இருபத்து நான்கு லிட்டர். பியேரா தன் பொய்களுக்குக் கையிருப்பு வைத்துத்தான் சொல்லுவான். அந்தக் கையிருப்பை மீறி மந்தை இடம் மாறும் என்றோ, தன் பெண்டாட்டியே அந்தச் சறுக்கில் ஏறி உட்காருவாள் என்றோ அவன் கணக்கில் எங்கும் இல்லை.

வானொலியைத் திருகினான். உள்நாட்டு மேட்டுப் பகுதிகளில் வடமேற்குக் காற்று, மூன்று மணிமுதல் புயல் வேகம், பார்வைத் தூரம் மிகக் குறைவு. வாசித்த பெண் அதை மளிகைச் சாமான் பட்டியல்போல வாசித்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. வடமேற்கு ஓரத்தில் மட்டும் அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறம்.

ரிஸ்தெனும் வானத்தைப் படிக்கத் தெரிந்தவள். குடிசையிலேயே தங்கிவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. பிறகு அந்த முள் ஞாபகம் வந்தது. பாதியில் நிற்கும் முள். கிளெமெத் அதைப் பார்ப்பான். பாதி டாங்க் இருக்கிறது, புயலுக்கு முன்னால் ஓடிவிடலாம் அக்கா, என்பான். அவளும் பார்ப்பாள். புருஷன் விற்ற வண்டி. ஏறி உட்காருவாள்.

இருபது லிட்டர் கேன்கள் இரண்டைத் தன் புது ஃபோர் ஸ்ட்ரோக்கின் பின்னால் கட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் பறந்தான். மாரித் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கியவள். பங்க்கும் காப்பிக் கடையும் அவளுடையவை. ஊரின் மீட்புக் குழுவுக்கான ரேடியோவும் அவள் தலைக்கு மேல் அலமாரியில்தான் இருந்தது. ஜன்னல் மேசையில் ஆஸ்லாக்கும் வேறு இரண்டு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது லிட்டரா?" மாரித் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "உன் புது வண்டிதான் காத்தக் குடிச்சே ஓடும்னு சொன்னியேப்பா."

"வலை பாக்கப் போறேன்."

"இந்த வானத்துலயா? மீனுக்கு பெட்ரோல் ஊத்தி வளக்கறியா?"

மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஆஸ்லாக் சீட்டை இறக்காமலே, "வளத்து வித்துருவான் மாரித் அக்கா. பத்துக்கு ரெண்டு மீன்" என்றான். கிளெமெத் அந்த எண்ணை இந்த மேசையில் உட்கார்ந்துதான் மூன்று வாரமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று பியேராவுக்குப் புரிந்தது. அவனும் சிரித்தான். சிரிப்பு முகத்தின் மேல்தோலில் மட்டும் இருந்தது. பெட்ரோலுக்கான பணத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஆற்றுப்பாலம்வரை போனான். பாலத்தைத் தாண்டினால் மேட்டுவெளித் தடம் தொடங்கும். அதற்கு முன்னால் யாரிடமாவது, எந்தப் பக்கம் போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே நடக்கக் கற்ற பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. பியேரா சொல்லியிருந்தது வலை. வலை இருப்பது எதிர்த்திசையில். நாளைக்கு இவனைத் தேடுகிறவர்கள் ஏரியில்தான் தேடுவார்கள். மேட்டுவெளியில் மூன்று பேர் கிடப்பது ஒருவருக்கும் தெரியாது. என்ஜினை அணைத்தான். அமைதியில் தடத்தோரத்து வழிக்குச்சி ஒன்று லேசாக அதிரும் சத்தம் கேட்டது. காற்று வந்துவிட்டது. வண்டியைத் திருப்ப அவன் பட்ட பாடு, இறுகிப்போன ஸ்க்ரூவைத் திருப்பப் படும் பாடாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு திரும்ப வந்தவனைப் பார்த்து மாரித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். வாஃபிள் அடுப்பை அணைத்தாள்.

"ரிஸ்தெனும் கிளெமெத்தும் தூரக் குடிசைக்குப் போயிருக்காங்க, மாரித் அக்கா. திரும்பி வர்ற வழியில இருப்பாங்க. பெட்ரோல் பத்தாது."

"வண்டி?"

"மஞ்ச வண்டி. நான் வித்தது."

ஆஸ்லாக் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். "பத்துக்கு ரெண்டு வண்டியா? அதுல எப்படிப் பத்தாமப் போகும்?"

"ரெண்டு இல்ல."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"பின்ன எவ்வளவு?" என்றாள் மாரித். சுவரிலிருந்த வரைபடத்தை அதற்குள் கழற்றிக் கல்லாமேல் விரித்துவிட்டாள். கையில் பென்சில்.

"சும்மா ஓட்டினா மூணு. எட்டு மூட்டை, ரெண்டு பேரு, புதுப்பனி. அஞ்சு." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் கூடவும் இருக்கும்" என்றான்.

"ரெண்டு எப்ப?"

"ஏரி ஐஸ்ல. ஏப்ரல்ல."

யாராவது சிரித்தால் நன்றாக இருக்கும் என்று பியேராவுக்குத் தோன்றியது. ஊரே பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கக்கூடிய பதில். யாரும் சிரிக்கவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"கேன் கொண்டு போயிருக்கானா?"

"இல்ல."

"கிளெமெத்தா? அவன் கேன் இல்லாம கக்கூசுக்குக்கூட போமாட்டானே."

"நான்தான் வேணாம்னு சொன்னேன்."

மாரித் தலையை நிமிர்த்தவில்லை. "முள்ளு பாத்துருப்பான்ல."

"முள்ளு பாதில ஒட்டிக்கும்."

"அவனுக்கு அது தெரியுமா?"

பியேரா வரைபடத்தைப் பார்த்தான். மாரித் பதிலுக்குக் காத்திராமல் குடிசையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளந்து, மேட்டுவெளியின் நடுவில் சின்ன வட்டம் போட்டாள். பிறகு ரேடியோவை எடுத்துப் பேசினாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஆஸ்லாக்கும் மற்ற இருவரும் அதற்குள் உடைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகள் கவிழ்ந்தபடியே கிடந்தன. மாரித் வெளியே வந்து, அவன் வண்டியில் கட்டியிருந்த கேன்களைக் கால்முனையால் தட்டினாள்.

"இதுல என்ன ஊத்திருக்க?"

"பெட்ரோல்."

"வெறும் பெட்ரோலா?"

அவன் காது சூடாகியது. அந்த மஞ்சள் வண்டியின் ஆயில் பம்ப்பைப் பழைய சொந்தக்காரன் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டான். டாங்க்கிலேயே ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இதைக் கொண்டுபோய் ஊற்றியிருந்தால் சில நிமிஷத்தில் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். இருபது வருஷம் இதே தொழிலில் இருப்பவன். மாரித் உள்ளே போய் ஆயில் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து, மூடியை உடைத்து, இரண்டு கேனிலும் அளந்து ஊற்றினாள். கேன்களைக் குலுக்கிக் கட்டும்போது அவன் முடிச்சை மூன்றுமுறை தவறவிட்டதை அவள் பார்த்தாள்.

"குளிரு" என்றான்.

"ஆமா" என்றாள் மாரித்.

முதல் இருபது கிலோமீட்டர் வெயிலிலேயே போனார்கள். காலையில் கிளெமெத் போன தடம் தெளிவாகத் தெரிந்தது. ரப்பர்ப் பட்டையின் அகலமான கீறல், அதன்மேல் சறுக்கின் இரண்டு கோடுகள். கோடுகள் எவ்வளவு ஆழம் என்றுதான் பியேரா பார்த்துக்கொண்டே வந்தான். சில இடங்களில் ஒரு சாண். ஒவ்வொரு ஏற்றத்திலும் பட்டை சுழன்று சுழன்று பனியைத் தோண்டியிருந்தது. கிளெமெத் விசையை முழுக்க அழுத்தியிருக்கிறான். முழு விசையில் அந்தப் பெரிய ஜெட் என்ன செய்யும் என்று பியேராவுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு கோப்பை பெட்ரோல். திரும்பி வரும் தடம் மட்டும் எங்கேயும் இல்லை.

கடைசி மரங்களைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. பனித்தூள் முதலில் தரையோடு ஓடியது. பிறகு முழங்கால்வரை, பிறகு கைப்பிடிவரை எழுந்தது. வானம், தரை என்ற பேதம் போய்விட்டது. ஒரு வழிக்குச்சியிலிருந்து அடுத்ததைப் பார்க்க முடியாமல் ஆஸ்லாக் நின்று நின்று போனான். குச்சி தெரியும்வரை அவன் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. வேலையில்லாதபோது பயம் நன்றாக வேலை செய்யும். ரிஸ்தென் வண்டியை விட்டு நடக்க மாட்டாள் என்று நினைத்தான். வண்டியை விட்டு நடப்பவர்களைத்தான் வசந்தத்தில் கண்டெடுப்பார்கள். அவளுக்கு அது தெரியும். ஆனால் கிளெமெத்துக்கு முப்பது வயசு, கால்களில் பலம், அக்காவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தோமே என்ற வெட்கம் வேறு இருக்கும். நான் போய் உதவி கொண்டு வரேன் என்று சொல்லியிருப்பானோ. அவள் தடுத்திருப்பாளா. அத்தான் பத்துக்கு ரெண்டுன்னாரே என்று கிளெமெத் சொன்னபோது அவள் என்ன சொல்லியிருப்பாள். அந்த இடத்துக்கு வந்ததும் பியேராவின் மனம் கண்ணை மூடிக்கொண்டது.

ஆஸ்லாக் நின்றான். இடங்காட்டியின் திரையைக் கையால் துடைத்து, பியேராவின் தலைக்கவசத்தோடு தன் தலைக்கவசத்தை ஒட்டிவைத்துக் கத்தினான்.

"மாரித் அக்கா வட்டம் போட்டது இங்கதான்."

ஒன்றுமில்லை. நான்கு பேரும் கயிறு நீளத்துக்கு விரிந்து நடந்து பார்த்தார்கள். பத்து அடிக்கு ஒருமுறை ஒருவர் மற்றவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். பனி, பனியின்மேல் ஓடும் பனி.

"தாண்டிப் போயிருந்தா வழியிலயே நம்மள பாத்துருக்கணும்" என்றான் ஆஸ்லாக். "அப்ப குடிசையிலயே இருக்காங்க. புயலப் பாத்துட்டு கிளம்பல. இனிமே முன்னால போறது நமக்கே நல்லதில்ல. அடங்கினப்புறம் போலாம்."

நியாயமான பேச்சு. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பியேராவும் தலையாட்டியிருக்கலாம். குடிசையில் அடுப்பெரிய, ரிஸ்தென் தம்பிக்குக் காப்பி ஊற்றுவதை நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் பள்ளம் பள்ளமாகத் தோண்டியிருந்த அந்தத் தடம் அவன் கண்ணிலேயே நின்றது. பங்க்கில், அத்தனை பேர் நடுவில், உண்மையைச் சொல்கிறேன் என்று நின்ற அந்த நேரத்திலும் அவன் வாய் பழக்கத்தில் குடிக்கிற கணக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருந்தது. சொல்லும்போதே அவனுக்கு அது தெரியும். கொஞ்சம் கூடவும் இருக்கும் என்று முனையில் ஒரு முடிச்சுப் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்லாக்கின் தோளைப் பிடித்தான்.

"ஆறு."

"என்ன?"

"ஆறு போட்டுப் பாரு. அஞ்சு இல்ல. ஆறு."

ஆஸ்லாக் இடங்காட்டியை மறுபடி துடைத்தான். அவன் கண்ணாடியில் பியேராவுக்குத் தன் தலைக்கவசம்தான் தெரிந்தது. போக முப்பத்தாறு லிட்டர். மிச்சம் நான்கு. திரும்பும்போது பத்துக்கு நாலரை என்றால், நான்கு லிட்டரில் குடிசையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். இந்த இடத்திலிருந்து இன்னும் பதினாறு, புயலின் வாய்க்குள்.

"இன்னும் ஏதாவது இருக்கா சொல்றதுக்கு?" என்றான் ஆஸ்லாக்.

"இல்ல."

"யோசிச்சு சொல்லு."

"இல்ல, ஆஸ்லாக்."

ஆஸ்லாக் மற்ற இருவரிடமும் போய் ஏதோ சொன்னான். அவர்களில் ஒருவன் பியேரா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பயமாக இருக்கும்போதும் ஏறி உட்கார்ந்த அந்த முதுகை பியேரா வெகுநேரம் பார்த்தான்.

பதினாறு கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து மணி தாண்டியிருந்தது. வெளிச்சம் போகவில்லை, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத அழுக்கு வெளிச்சமாகிவிட்டது. குச்சிக்குக் குச்சி நின்று, ஒருவன் இறங்கி நடந்து அடுத்த குச்சியைத் தொட்டுக் கையாட்ட, மற்றவர்கள் ஊர்ந்தார்கள். இரண்டு இடத்தில் குச்சிகள் சாய்ந்து போயிருந்தன. இப்போது நடக்கும் முறை பியேராவுடையது. இடுப்பில் கயிறு. பத்தடி நடந்தான். இன்னொரு பத்தடி. காலில் ஏதோ இடறிக் கவிழ்ந்து விழுந்தான். கைக்கடியில் கடினமாக ஒன்று. பனியை விலக்கினான். மஞ்சள்.

கயிற்றை இரண்டுமுறை இழுத்துவிட்டு முழங்காலிலேயே ஊர்ந்தான். வண்டியின் மூக்குமட்டும்தான் வெளியே தெரிந்தது. டாங்க்கின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே பனி போய் நிறைந்திருந்தது. வண்டிக்குப் பின்னால், காற்றுக்கு மறைவான பக்கத்தில், பனி ஒரு மேடாகக் குவிந்திருந்தது. பார்த்தால் இயற்கையாகக் குவிந்த மேடு போலத்தான் இருந்தது. ஆனால் அதன் ஒரு ஓரத்தில் காலியான தீவனச் சாக்கின் மூலை ஒன்று துருத்திக்கொண்டு படபடத்தது. கவிழ்த்துப் போட்ட சறுக்கு. அதன் இடைவெளிகளில் சாக்குகளைத் திணித்திருக்கிறார்கள். ஒருவரா இருவரா செய்த வேலை என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சுற்றிலும் காலடிகள் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் காற்று துடைத்திருக்கும்.

"ரிஸ்தென்" என்றான். காற்று அதை வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிற்று.

பின்னால் ஆஸ்லாக் மண்வெட்டியோடு ஓடி வந்தான். "மெதுவா, மேல மிதிக்காத, உள்ள சரிஞ்சிடும்" என்று கத்தியது தூரத்துக் குரலாகக் கேட்டது. பியேரா மேட்டின் மேல் படுத்துக் கைகளால் தடவினான். மேல்பக்கத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் விளிம்பில் பனி இறுகிக் கண்ணாடியாகி, உள்பக்கம் மங்கலான மஞ்சள் நிறத்தில் சிறு சிறு ஊசிகளாகப் பூத்திருந்தது.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். உள்ளங்கையை அந்தத் துளையின் மேல் கவிழ்த்தான். காற்று புறங்கையைச் சுட்டது. உள்ளங்கையில் ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. பிறகு ஈரமான, மிக மெல்லிய வெதுவெதுப்பு ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போயிற்று. கையை அசைக்காமல், தன் மூச்சையும் விடாமல், அடுத்தது வருகிறதா, வந்தால் அதே மூச்சா இன்னொருவருடையதா என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான்.